குடும்பத்தோடு ரோம் போகிறோம். முதல் நாளே கொலோசியம், ட்ரெவி நீரூற்று, வாடிகன் மூன்றையும் பார்த்துவிட முடியுமா?

முடியும். தனியாகப் போகிறீர்கள் என்றால் தாராளமாக முடியும். ஆனால் கேள்விக்குக் கீழே "அம்மா, இரண்டு குழந்தைகள், மொத்தம் நான்கு நாள்" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்களே, அதைப் பார்த்துவிட்டுத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். பட்டியல் போட்டவர் நீங்கள், அம்மாவிடம் அதை இன்னும் காட்டவில்லை என்பது என் ஊகம். தப்பாக இருந்தால் மன்னித்துவிடுங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது.

2024 மே மாதம் போனோம். நான், என் வீட்டுக்காரர், 13 வயது மகள், 6 வயது மகன், 68 வயது மாமியார். வீட்டுக்காரர் இரண்டு மாதம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து எக்செல்லில் ஒரு அட்டவணை தயார் செய்திருந்தார். முதல் நாளுக்கு மட்டும் 9 இடங்கள். ஓர் இடத்திலிருந்து இன்னொன்றுக்கு எத்தனை நிமிட நடை என்பதற்குத் தனிப் பத்தி, பச்சை நிறத்தில். அந்த நிமிடங்களையெல்லாம் கூகுள் மேப்பிலிருந்து எடுத்திருந்தார். கூகுள் மேப்புக்கு முட்டி வலி கிடையாது, வழியில் ஷூ லேஸ் அவிழாது, பாத்ரூம் வராது.

இதை மாமியார் மேல் குறை சொல்லும் பதிவு என்று எடுத்துக்கொண்டு யாரும் கருத்துப் பெட்டியில் சண்டைக்கு வர வேண்டாம். அந்த நாளில் புத்தியோடு நடந்துகொண்ட ஒரே ஆள் அவர்தான். கடைசி வரை படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

முந்தின நாள் சாயங்காலம் ஃபியூமிசினோ விமான நிலையத்தில் இறங்கி, லியோனார்டோ எக்ஸ்பிரஸில் 32 நிமிடத்தில் டெர்மினி ஸ்டேஷன். பக்கத்திலேயே ஓட்டல். அதுவரை எல்லாம் அட்டவணைப்படிதான். அதிகாலை மூன்றரை மணிக்கு மகன் எழுந்து "விடிஞ்சாச்சா?" என்றான். உடம்புக்கு இன்னும் ரோம் நேரம் பழகவில்லை. அவன் எழ, அக்கா எழ, ஐந்து மணிக்கு அறையில் திருவிழா. கிளம்ப வேண்டிய எட்டரை மணிக்கு இரண்டும் குப்புறப் படுத்து அயர்ந்த தூக்கம். எழுப்பி, சட்டை மாட்டி, மெட்ரோவில் ஏறி, பி லைனில் இரண்டே ஸ்டாப் போய் கொலோசியோ ஸ்டேஷனில் இறங்கியபோது மணி 10:10. எங்கள் டிக்கெட்டில் இருந்த நேரம் 9:30.

வாசலில் இருந்தவர் டிக்கெட்டைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், தலையை ஆட்டினார். அவர் மேல் தப்பே இல்லை. கொலோசியம் டிக்கெட்டில் பெயரும் நேரமும் இருக்கும், அடையாள அட்டையோடு அந்த நேரத்துக்குப் போய் நிற்க வேண்டும். 18 வயதுக்குள் இருப்பவர்களுக்குக் கட்டணம் இல்லை, ஆனால் அவர்களுக்கும் டிக்கெட் எடுத்திருக்க வேண்டும். பெரியவர்கள் மூன்று பேருக்கு 18 யூரோ வீதம் 54 யூரோ போச்சு. அதே டிக்கெட்டில் பக்கத்திலிருக்கும் ரோமன் ஃபோரம் இடிபாடுகளுக்காவது போயிருக்கலாம் என்று ஓட்டலுக்குத் திரும்பிய பிறகுதான் படித்தோம். அந்த நிமிடத்தில் யாருக்கும் யோசிக்கும் நிலை இல்லை. வீட்டுக்காரர் ஃபோனில் அட்டவணையைத் திறந்து வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். எந்தக் கட்டத்துக்கு எந்த நிறம் கொடுப்பது என்று தெரியவில்லை போல.

அத்தைதான் முதலில் வாய் திறந்தார். "உள்ள விடலன்னா என்ன, வெளிய சுத்திப் பாத்தா காசா கேப்பான்?" என்று நடக்க ஆரம்பித்தார்.

அந்தச் சுற்றுதான் அன்றைக்கு எங்களுக்குக் கிடைத்த கொலோசியம். வடக்குப் பக்கத்துச் சுவரில் வளைவுகளுக்கு மேலே ரோமன் எண்கள் செதுக்கியிருக்கின்றன. மொத்தம் 80 வாசல்கள், அவற்றில் 76 வாசல்களுக்கு எண் இருந்ததாம். மிச்சம் நான்கு பெரிய மனிதர்களுக்கானவை. 23இலிருந்து 54 வரை இன்றைக்கும் நிற்கின்றன. மகள் பள்ளியில் ரோமன் எண் படித்திருந்தாள். ஒரு வளைவைக் காட்டி, "இது எல், 50. பக்கத்துல ரெண்டு கோடு. அப்ப எத்தன?" என்று தம்பியைக் கேட்டாள். அவன் விரல் விட்டு எண்ணி "52!" என்று கத்தினான். அப்புறம் ஒவ்வொரு வளைவுக்கும் ஓடி ஓடிப் படித்தான். கி.பி. 80இல் திறந்த அரங்கம். கூட்டம் முட்டி மோதாமல் உள்ளே போக அன்றைக்கே வாசலுக்கு நம்பர் போட்டிருக்கிறார்கள். "அந்தக் காலத்துலயும் லேட்டா வந்தா விட மாட்டாங்களாப்பா?" என்று அவன் கேட்டதற்கு அவன் அப்பா பதில் சொல்லவில்லை.

டிக்கெட் போட்டு உள்ளே போயிருந்தால் அந்த எண்களை நிமிர்ந்து பார்த்திருப்போமா என்பது சந்தேகம்தான். ஏமாற்றத்தை மறைக்கச் சமாதானம் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பாதி அதுதான்.

மெட்ரோவில் ஏறி டெர்மினி வந்து, ஏ லைனுக்கு மாறி, ஸ்பான்யா ஸ்டேஷனில் இறங்கினோம். ஸ்பானிஷ் படிக்கட்டு. 1720களில் கட்டியது, 135 படிகள் என்று அட்டவணையில் இருந்தது. வெயில் ஏறிவிட்டது. ரோமில் பல தெருக்களில் தார் கிடையாது. முஷ்டி அளவுக் கருங்கற்களைப் பதித்திருக்கிறார்கள், ஒன்று ஏறி ஒன்று இறங்கி இருக்கும். அந்தக் கல்லில் நடந்து அத்தைக்குக் கால் கடுத்துவிட்டது. படிக்கட்டைப் பார்த்ததும் முகம் மலர்ந்து மூன்றாவது படியில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்து, முந்தானையால் முகம் துடைத்தார்.

பீ... என்று விசில்.

அத்தை வேறு யாருக்கோ என்று நினைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தார். மறுபடி விசில். சீருடைக்காரர் ஒருவர் எங்களைப் பார்த்து உள்ளங்கையை மேல் நோக்கி அசைத்தார், எழுந்திருங்கள் என்று. 2019இலிருந்து அந்தப் படிகளில் உட்காரத் தடை, அபராதம் 400 யூரோ வரை போகலாம். என் வீட்டுக்காரரின் அட்டவணையில் 135 படி இருந்தது, இது இல்லை. சீருடைக்காரர் அபராதம் எதுவும் போடவில்லை. அத்தை எழுந்தார், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார். "உக்காரக் கூடாதுன்னா எதுக்குடா இத்தன படி கட்டினான்?" என்று மகனைக் கேட்டார். இன்றுவரை எங்கள் வீட்டில் பதில் இல்லாத கேள்வி அது.

அவர் கோபத்தில் இருந்தார். அவமானமும்தான். வெளிநாட்டில், பேரப்பிள்ளைகள் முன்னால், விசில் ஊதி எழுப்பிவிட்டார்கள் என்றால் அந்த வயதில் எப்படி இருக்கும்? அதனால்தான் உங்கள் கேள்வியைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. இடங்களைப் பட்டியல் போடும் நாம், அந்த இடங்களுக்கு நடுவே வயதானவர்கள் எங்கே உட்காருவார்கள் என்று ஒரு வரி போடுவதில்லை.

சரி, ஒரு காபிக் கடையில் உட்காரலாம் என்று நுழைந்தோம். அங்கே இன்னொரு பாடம். இத்தாலியில் கவுன்ட்டரில் நின்றபடி காபி குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் வேறு விலை. சுவரில் மாட்டியிருந்த விலைப்பட்டியலைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், யார் பார்த்தது? பில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. வீட்டுக்காரர் முணுமுணுத்தார். எனக்கு வருத்தமில்லை. நாற்பது நிமிடம் ஐந்து பேர் காலை நீட்டி உட்கார்ந்தோம், பாத்ரூம் போனோம், மகன் மேசையிலேயே தலை சாய்த்துத் தூங்கினான். அன்றைக்குக் கொடுத்த காசில் வீண் போகாத காசு அதுதான்.

வெளியே வந்தால் தெருமுனையில் ஒரு இரும்புக் குழாய், இடுப்புயரத் தூண் மாதிரி, வளைந்த மூக்கு வைத்து. ஊரெல்லாம் இருக்கின்றன, 1870களிலிருந்து. மூக்கன் என்று பொருள்படும்படி நசோனே என்கிறார்கள். நாள் முழுக்கத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும், குடிக்கலாம், சில்லென்று இருக்கும். குழாயை எப்படி நிறுத்துவது என்று மகன் தேடிக்கொண்டிருந்தான். நாயோடு வந்த ஒரு பெரியவர் அவன் விரலைப் பிடித்துக் குழாயின் வாயை அடைக்கச் சொன்னார். மேல் பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டை. அதன் வழியே தண்ணீர் வளைந்து மேலே பீய்ச்சியது, குனியாமல் குடிக்க வசதியாக. இரண்டாவது முறை அவன் கொஞ்சம் கோணலாக அழுத்த, அட்டவணை இருந்த ஃபோன், அதைப் பிடித்திருந்த கை, பேன்ட் எல்லாம் நனைந்தன. காலையிலிருந்து முதல் தடவையாக அத்தை வாய்விட்டுச் சிரித்தார். பெரியவரும் சிரித்தார். அரை மணி நேரம் அங்கேயே போனது.

"இவ்வளவு செலவு பண்ணி ரோம் போய் குழாயடியில் நின்றீர்களா?" என்று கேட்பீர்கள். எங்கள் சொந்தக்காரர்களின் வாட்ஸாப் குழுவில் அன்று ராத்திரியே கேட்டுவிட்டார்கள். வாடிகன் போகலையா, பான்தியன் போகலையா, அந்த ஓட்டை இருக்கிற கூரையைப் பாக்கலையா? கேட்டவர்களில் ஒருவர் பேருந்திலேயே ஐரோப்பாவைச் சுற்றி வந்தவர். ரோமில் எத்தனை மணி நேரம் இருந்தீர்கள் என்று திருப்பிக் கேட்டேன். ஒற்றை டிக்கோடு பதில் நின்றுவிட்டது.

நான்கு மணிக்கு ட்ரெவி. கூட்டத்தில் விளிம்பு வரைக்கும் போகவே கால் மணி நேரம். 1762இல் முடிந்த நீரூற்று, ஆனால் அதில் வரும் தண்ணீர் கி.மு. 19இல் வெட்டிய கால்வாயின் வழி வருவது. ஸ்பானிஷ் படிக்கட்டுக்குக் கீழே மூழ்கும் படகு மாதிரி ஒரு தொட்டி இருக்கும், அதற்கும் அதே தண்ணீர்தான். அங்கே அழுத்தம் குறைவு, தண்ணீர் உயரமாக எழும்பாது. அதனால்தான் படகைத் தரையோடு தாழ்த்திச் செய்தார்களாம். தோளுக்குப் பின்னால் காசு போட வேண்டும் என்றதும், "போட்ட காச யாரு எடுக்கறா?" என்றார் அத்தை. ஏழைகளுக்கான தொண்டுக்குப் போகிறது என்று மகள் ஃபோனில் பார்த்துச் சொன்னாள். "அப்ப ரெண்டு போடு" என்று இரண்டு காசு போட்டார். ஐந்து மணிக்கு ஓட்டல். ஏழு மணிக்கு எல்லோரும் தூக்கம். ஒன்பது இடங்களில் இரண்டரை.

இன்னொன்று, உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லாதது, ஆனால் சொல்லாமல் போக முடியவில்லை. அந்த நாளின் படங்கள் 412. அவற்றில் நான் இருப்பது மூன்றில். ஒன்றில் என் முழங்கை மட்டும். பாஸ்போர்ட் பை, தண்ணீர் பாட்டில், மாத்திரை டப்பா, அவிழ்த்த ஸ்வெட்டர் இத்தனையும் வைத்திருக்கும் ஆள் எப்போதும் படத்துக்கு வெளியேதான் நிற்பாள் போல. "நீதானே நல்லா எடுக்கற" என்கிறார்கள். அந்தப் பாராட்டை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? உங்கள் வீட்டில் அந்த ஆள் யார் என்று கிளம்பும் முன் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், ட்ரெவி முன்னால் அவரையும் ஒரு தடவை நிறுத்துங்கள்.

சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். நேரம் போட்ட டிக்கெட் எதையும் முதல் நாளுக்கு எடுக்காதீர்கள். ட்ரெவி பக்கம் நடந்துவிட்டு வாருங்கள். ஸ்பான்யா ஸ்டேஷனிலிருந்து படிக்கட்டின் உச்சிக்கு லிஃப்ட் இருக்கிறது, அது ஓடினால் அம்மாவை அதில் கூட்டிப்போங்கள். மேலே கொஞ்சம் தள்ளி போர்கேசே தோட்டம், அங்கே பெஞ்சுகள் உண்டு, யாரும் விசில் ஊத மாட்டார்கள். காலி பாட்டில் ஒன்று போதும், குழாய் எங்கேயும் கிடைக்கும். 10 வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு மெட்ரோவிலும் பஸ்ஸிலும் டிக்கெட் வேண்டாம். வாடிகனுக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள், தோளும் முட்டியும் மூடிய உடை வேண்டும். குழந்தைகள் நச்சரித்தால் தெருவில் சாக்கடை மூடிகளைப் பார்க்கச் சொல்லுங்கள். எஸ்.பி.க்யூ.ஆர். என்று நான்கு எழுத்து இருக்கும், ரோம் செனட்டும் மக்களும் என்று அர்த்தம், பழைய சாம்ராஜ்யத்து முத்திரை இன்றைக்குச் சாக்கடை மூடியில். என் மகன் நான்கு நாளில் 63 எண்ணினான்.

கொலோசியத்துக்கு மறுபடி 54 யூரோ கொடுத்து நான்காம் நாள் போனோம், 11 மணி டிக்கெட், பத்தேகாலுக்கே வாசலில். உள்ளே நுழைந்து, அந்தப் பெரிய வட்டம் கண்ணுக்கு முன்னால் விரிந்ததும் வீட்டுக்காரர் எவ்வளவு பேர் உட்கார்ந்து பார்த்தார்கள் என்று சொல்ல ஆரம்பித்தார். அத்தை காதில் வாங்கவில்லை. ஓரமாகக் கிடந்த ஒரு கல்லைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, "இங்க உக்காரலாமாம்மா?" என்றார். நான் சுற்றுமுற்றும் பார்ப்பதற்குள் உட்கார்ந்தும் விட்டார்.