நாலு எழுத்து, எத்தனை ஒலி?

போன இதழில் 'தோ' என்ற ஆங்கிலச் சொல்லைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதிவிட்டேன். அதன் பலன், இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஓ, யு, ஜி, எச் என்ற நான்கு எழுத்தும் சேர்ந்து வரும் சொற்களைப் பற்றியே. சரி, முழுசாகவே பேசிவிடுவோம்.

கேள்வி: ஆறாம் வகுப்பு படிக்கும் என் பெண், "தோ, டஃப் ரெண்டுக்கும் ஓர் எழுத்துத்தானேம்மா வித்தியாசம், ஏன் இப்படி?" என்று கேட்கிறாள். என்ன சொல்வது? (ஒரு வாசகி, உடுமலைப்பேட்டை)

பதில்: அவளிடம் ஒரு தாளும் பென்சிலும் கொடுங்கள் அம்மா. முதலில் 'டஃப்' எழுதட்டும்: டி, ஓ, யு, ஜி, எச். டி-க்குப் பக்கத்தில் ஓர் எச் நுழைத்தால் 'தோ'. அந்த எச்சை அடுத்து ஓர் ஆர் போட்டால் 'த்ரூ'. ஆருக்கு முன்னால் ஓர் ஓ வைத்தால் 'தரோ'. பழையபடி 'தோ'வுக்கு வந்து, வாலில் ஒரு டி ஒட்டினால் 'தாட்'. ஒவ்வொரு தடவையும் சேர்ப்பது ஓர் எழுத்துத்தான். ஒலி மட்டும் குப்புறக் கவிழ்ந்துவிடுகிறது. (த்ரூவும் தரோவும் ஒரு காலத்தில் ஒரே சொல். அழுத்திச் சொன்னவர்கள் வாயில் அது இரண்டாகப் பிரிந்தது.)

ஜி, எச் இரண்டும் அலங்காரத்துக்கு வந்தவை அல்ல. பழைய ஆங்கிலத்தில் அந்த இடத்தில் தொண்டையில் உரசி வரும் ஓர் ஒலி இருந்தது. முதலில் அதை வெறும் எச் போட்டு எழுதினார்கள். 1066இல் நார்மன்காரர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, பிரெஞ்சு முறையில் பழகிய எழுத்தர்கள் ஜி, எச் என்று எழுத ஆரம்பித்தார்கள். ஆங்கிலத்துக்குப் பங்காளியான ஜெர்மனில் அந்த ஒலி இன்றும் உயிரோடு இருக்கிறது. நமக்கு 'நைட்', அவர்களுக்கு 'நஃக்ட்'. நமக்கு 'எய்ட்', அவர்களுக்கு 'அஃக்ட்'.

1476இல் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் போட்டார். அச்சு வந்ததும் எழுத்துக்கூட்டல் மெல்ல மெல்ல இறுகிப்போனது. வாயோ நிற்கவில்லை. தொண்டை ஒலி சில சொற்களில் அடையாளமே இல்லாமல் மறைந்தது, சிலவற்றில் உதட்டுக்கு வந்து 'ஃப்' ஆனது. கூடவே உயிரொலிகளும் இடம் மாறின. ஊருக்கு ஊர் ஒரு மாதிரி பேசிய காலம் அது. லண்டன் அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சம் பொறுக்கிக்கொண்டது. அதனால்தான் இருமலுக்குக் 'காஃப்', கிளைக்குப் 'பௌ', மாவுக்கு 'டோ'.

இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை ஒன்று. 'எஃகு' என்று அழுத்திச் சொல்லிப் பாருங்கள். அந்த ஆய்தத்தில் தொண்டை லேசாக உரசுகிறது அல்லவா? செத்துப்போன ஆங்கில ஒலிக்கு அது கிட்டத்தட்ட உறவு. ஆங்கிலத்தில் தொண்டை ஒலி 'ஃப்' ஆனது. தமிழில் நாம் அந்த 'ஃப்'பை எழுத ஆய்தத்தைத்தான் கூப்பிடுகிறோம். வெறும் தற்செயல்தான், ஆனாலும் 'டஃப்' என்று எழுதும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

பெண்ணுக்குச் சொல்லிக்கொடுக்க உருப்படியான விதி ஒன்றே ஒன்று: பின்னால் டி வந்தால் 'ஆட்'. பாட், தாட், ஃபாட், ப்ராட், எல்லாம் அப்படியே. அன்றாடம் புழங்கும் சொற்களில் ஒன்று மட்டும் அதற்கு அடங்காது. அந்த வம்புக்குக் கடைசிக் கேள்வியில் வருகிறேன்.

கேள்வி: கலப்பைக்கு 'ப்ளௌ' என்று சரியாகத்தான் தட்டினேன். கணினி சிவப்புக் கோடு போடுகிறது. (வேளாண் கல்லூரி மாணவர், மதுரை)

பதில்: உங்கள் கணினிக்கு அமெரிக்க ஆங்கிலம் வைத்திருக்கிறார்கள். அங்கே அது பி, எல், ஓ, டபிள்யூ, அவ்வளவுதான். 1828இல் பெரிய அகராதி வெளியிட்ட நோவா வெப்ஸ்டருக்கு வேண்டாத எழுத்தைக் கண்டால் ஆகாது. 'கலர்' சொல்லிலிருந்த யு-வை எடுத்தவர் அவர்தான். 'டங்' என்ற நாக்கை டி, யு, என், ஜி என்று நாலு எழுத்தில் முடிக்கப் பார்த்தார். அதை மட்டும் ஊர் ஏற்கவில்லை. அமைப்பில் இங்கிலாந்து ஆங்கிலத்துக்கு மாற்றிவிடுங்கள், கோடு போய்விடும்.

கேள்வி: 'ஹிக்கப்' என்பதை ஓர் அகராதியில் 'காஃப்' முடிவோடு எழுதியிருக்கிறது. விக்கல் எப்படி இருமல் ஆகும்? (ஒரு வாசகர், நாகர்கோவில்)

பதில்: ஆகாது. விக்கல் போடும் சத்தத்திலிருந்து பிறந்த சொல் அது. இருமலுக்குச் சொந்தமாக இருக்கும் என்று யாரோ நினைத்து அந்த வாலை ஒட்ட, அகராதியிலும் ஏறிவிட்டது. எப்படி எழுதினாலும் சொல்வது 'ஹிக்கப்'தான்.

கேள்வி: என் மகன் லண்டனுக்குப் பக்கத்து ஊரில் இருக்கிறான். பெயர்ப்பலகையைப் பார்த்து 'ஸ்லஃப்' என்று படித்தேன். மருமகள் சிரித்துவிட்டாள். (ஓய்வுபெற்ற தபால்காரர், திண்டுக்கல்)

பதில்: ஊர் 'ஸ்லௌ'. ஆனால் நீங்கள் படித்தது ஒன்றும் அபத்தம் இல்லை. பாம்பு சட்டை உரிப்பதற்கு அதே ஆறு எழுத்தில் ஒரு சொல் உண்டு, அதை 'ஸ்லஃப்' என்றுதான் சொல்லவேண்டும். அடுத்த முறை போகும்போது, லெஸ்டர்ஷயரில் உள்ள 'லஃப்பரோ' என்ற ஊரை எழுதிக் காட்டி மருமகளைப் படிக்கச் சொல்லுங்கள். ஒரே பெயரில் நம் நாலெழுத்து இரண்டு இடத்தில் வருகிறது, இரண்டும் வேறு வேறு ஒலி.

கேள்வி: ஜி, எச், ஓ, டி, ஐ என்று எழுதி 'ஃபிஷ்' என்று படிக்கலாம் என்று பெர்னார்ட் ஷா சொன்னாராமே? (ஒரு வாசகி, திருவாரூர்)

பதில்: 'இனஃப்'பில் ஜி, எச் 'ஃப்'. 'விமன்' சொல்லில் ஓ 'இ'. 'நேஷன்' சொல்லில் டி, ஐ 'ஷ்'. மூன்றையும் கூட்டினால் மீன். இந்தக் கேலி 1855ஆம் வருஷத்துக் கடிதம் ஒன்றிலேயே இருக்கிறது. ஷா பிறந்தது 1856. கேலியும் கொஞ்சம் போங்குதான். சொல்லின் முதலில் வரும் ஜி, எச் 'ஃப்' ஆகவே ஆகாது, 'கோஸ்ட்' சாட்சி.

கேள்வி: எல்லாருக்கும் திருத்தம் சொல்கிறீர்களே சார், நீங்கள் தப்பாகச் சொன்னதே இல்லையா? (ஒரு வாசகர், ஈரோடு)

பதில்: வறட்சி. டி, ஆர், ஓ, யு, ஜி, எச், டி. பின்னால் டி வந்தால் 'ஆட்' என்று சொன்னேனே, அதே விதியை நம்பி 1976இல் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதை 'ட்ராட்' என்றே நடத்திவந்தேன். 1984 கடைசியில் எத்தியோப்பியாவில் கொடும்பஞ்சம். ராத்திரி சாப்பிட்டுவிட்டுச் சிற்றலையில் பிபிசி வைத்தேன். செய்தி வாசிப்பவர் 'ட்ரௌட்' என்றார். அவருக்கு நாக்குப் புரண்டுவிட்டது என்று நினைத்தேன். இரண்டு நிமிஷம் கழித்து இன்னொருவர், அவரும் 'ட்ரௌட்'. எழுந்துபோய் அகராதியைப் புரட்டினேன். பிறகு தூக்கம் வரவில்லை.

மறுநாள் பத்தாம் வகுப்பில் கரும்பலகையில் எழுதினேன்: 'ஐ பாட் இனஃப் டோ, தோ த ட்ரௌட் வாஸ் ரஃப்.' வறட்சி கடுமையாக இருந்தும் வேண்டிய மாவு வாங்கிவிட்டேன். ஆறு சொல், அதே நாலெழுத்து, நாலு ஒலி. எட்டு வருஷமாக நான் சொன்னது தப்பு என்று சொல்லிவிட்டு, எல்லாரையும் மூன்று முறை சொல்லவைத்தேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "அப்போ பாஸாகிப் போன அண்ணனுங்களுக்கு யார் சார் சொல்லுவா?"

1976க்கும் 84க்கும் இடையில் என்னிடம் படித்த யாராவது இதைப் பார்த்தால்: ட்ரௌட்.