குசினி யாருக்கு? கேள்வி பதில்

பிள்ளைகளும் வீட்டு வேலையும் பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

களுவாஞ்சிகுடி, ஒரு தாய்: டீச்சர், மகனுக்கு 11 வயது, மகளுக்கு 9. மகள் முற்றம் கூட்டுகிறாள், கோப்பை கழுவுகிறாள். மகனைக் கூப்பிட்டால் மாமி, "ஆம்பிளப் பிள்ளைக்கு ஏன் குசினி வேலை?" என்கிறா.

மாமியோடு வாதாட வேண்டாம். மகன் சும்மா இருக்கிறான் என்றும் நான் சொல்லமாட்டேன். கடைக்குப் போவான், மில்லுக்கு நெல் கொண்டுபோவான். ஆனால் அவை எப்போதாவது வரும் வேலைகள். முடித்து வந்தால் "கெட்டிக்காரன்" என்ற பாராட்டும் கிடைக்கும். மகளின் வேலை தினமும் உண்டு, அதை யாரும் கவனிப்பதில்லை. ஒரு கிழமைக்கு இருவரின் வேலையையும் மாற்றிக் கொடுங்கள். மகன் கோப்பை கழுவட்டும், மகள் சைக்கிளில் கடைக்குப் போகட்டும்.

2016இல் யுனிசெப் வெளியிட்ட உலகக் கணக்கில், 5 முதல் 14 வயதுப் பெண் பிள்ளைகள் ஆண் பிள்ளைகளைவிட 40 வீதம் கூடுதல் நேரத்தை வீட்டு வேலையில் செலவிடுகிறார்கள். அந்த நேரம் படிப்பிலும் விளையாட்டிலும் இருந்துதான் கழிகிறது.

அக்கரைப்பற்று, ஒரு மாணவி: உம்மா சுபஹுக்கு எழும்பினா இரவு வரைக்கும் வேலைதான். படிவத்துல மட்டும் "தொழில் இல்லை" என்று எழுதுறோம். ஏன்?

கணக்கின் கோளாறு, மகள். தொழிற்படைக் கணக்கெடுப்பில் வீட்டு வேலை மட்டும் செய்பவர் பொருளாதார ரீதியாகச் செயற்படாதவர். தேசிய வருமானக் கணக்கோ இன்னும் வேடிக்கை. சர்வதேச விதிப்படி, சொந்தத் தேவைக்கு நெல் விளைவித்தாலும், விறகு பொறுக்கினாலும், தண்ணீர் சுமந்தாலும் அது உற்பத்தி. அதே அரிசி, விறகு, தண்ணீரை வைத்து வீட்டாருக்குச் சோறு ஆக்கினால் உற்பத்தியில்லை! உங்கள் உம்மா ரியாத்தில் வேறொரு வீட்டில் சமைத்தால் அது தொழில். அவர் அனுப்பும் காசு அந்நியச் செலாவணி.

2013இல் தொழிலாளர் புள்ளிவிபரவியலாளர்களின் சர்வதேச மாநாடு, சம்பளமில்லாத வீட்டு வேலையும் வேலையே என்று ஏற்றது. நம் இலங்கைப் புள்ளிவிபரத் திணைக்களமும் 2017இல் முதன்முறையாக நேரப் பயன்பாட்டு ஆய்வு நடத்தியது. படிவங்கள்தான் இன்னும் மாறவில்லை.

கொக்கட்டிச்சோலை, ஒரு அண்ணன்: எங்கட பக்கம் வீட்டையே பெண்ணுக்குத்தானே எழுதுறோம். பிறகென்ன பாகுபாடு?

நல்ல வழக்கம்தான், தம்பி. தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் இங்கே கிழக்கிலங்கையில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போகிறார். கணவன் சரியில்லையென்றால் வெளியேற வேண்டியவர் அவர்தான். ஆனால், "வீடு அவளுக்கு, வேலையும் அவளுக்கு" என்றே பொடியன்களை வளர்க்கிறோம். தங்கச்சிக்கு வீடு கட்ட கட்டாருக்குப் போகிற அண்ணனின் சுமையும் சின்னதல்ல. அங்கே போய்த்தான் பலர் தேத்தண்ணி ஊற்றவே பழகுகிறார்கள்.

வாழைச்சேனை: மகன் சட்டி பானை வைத்து விளையாடினால் சொந்தக்காரர் சிரிக்கிறார்கள்.

சிரிக்கட்டும். கடையில் கொத்து ரொட்டி போடுவதும் கல்யாண வீட்டில் கிடாரம் இறக்குவதும் ஆண்கள்தானே? காசு வரும் சமையலுக்கு யாரும் சிரிப்பதில்லை.