நிழலை எங்கே அளப்பது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவில் ஒரு யூதப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துகிறேன். காலையில் ஹீப்ரூவும் யூத வேதமான தோராவும், மதியத்துக்கு மேல் மற்ற பாடங்கள். எதையும் ப்ராஜெக்டாகச் செய்ய வேண்டும் என்பது பள்ளியின் கொள்கை. பந்தலில் தங்கிக் கொண்டாடும் சுக்கோத் பண்டிகைக்குப் பிள்ளைகளே ஒரு பந்தல் கட்டினார்கள். கூரையில் வெயிலைவிட நிழல் அதிகம் இருக்க வேண்டும் என்பது விதியாம். தரையில் கட்டத்தாளை விரித்து, நிழல் விழுந்த கட்டங்களை எண்ணினார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு சந்தேகம். குழந்தை தன் அறிவைத் தானே கட்டிக்கொள்கிறது என்கிறது கட்டமைப்புவாதம். இங்கேயோ விடை ஏற்கெனவே வேதத்தில் இருக்கிறது. அப்படியென்றால் இது நாடகம்தானே?

ஒரு வாசகி

அன்புள்ள டீச்சருக்கு,

பாதி நாடகம்தான். கூரை மண்ணில் விளைந்த பொருளாக இருக்க வேண்டும், ஆனால் இன்னும் வேரோடு நிற்கும் மரத்தின் கிளையை வளைத்துப் போட்டால் செல்லாது. இதை எந்தப் பிள்ளையும் யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. சொல்லிவிட வேண்டியதுதான். "நீங்களே யோசியுங்கள்" என்று அரைமணி நேரம் வட்டமாக உட்கார வைத்தால், டீச்சர் மனசில் இருப்பதை ஊகிக்கும் விளையாட்டாகத்தான் அது முடியும்.

விதியைச் சொன்ன பிறகுதான் வேலை ஆரம்பிக்கிறது. யூதச் சட்டங்களின் பழைய தொகுப்பான மிஷ்னாவில் இந்தப் பந்தலைப் பற்றிய பகுதி அளவோடுதான் தொடங்குகிறது: உயரம் 20 முழத்துக்கு மேல் போகக்கூடாது, 10 கையகலத்துக்குக் குறையவும் கூடாது. ஆறு கையகலம் ஒரு முழம். சரி, யார் கை? பெரியவர்களே இன்னும் ஒத்துப்போகவில்லை. ரப்பி (யூத மதகுரு) ஹாயிம் நாயே கணக்கில் ஒரு கையகலம் 8 செ.மீ.; ஹஸோன் இஷ் என்று அழைக்கப்படும் இன்னொரு ரப்பியின் கணக்கில் 9.6. ஒருவருக்கு 80 செ.மீ. உயரமே போதும், இன்னொருவருக்கு 96 வேண்டும். உங்கள் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் தங்கள் கையை அளந்து பலகையில் எழுதினால் ஒரு வாரத்துக்குப் பாடம் ஓடும்.

மிஷ்னாவை வைத்து ரப்பிகள் நடத்திய விவாதங்களின் தொகுப்புதான் தால்மூத். நீங்கள் நினைப்பதுபோல விடை மட்டும் எழுதிவைத்த நூல் அல்ல அது. தோற்ற கட்சியின் வாதமும் அதில் அப்படியே இருக்கிறது. மிருகத்தைக் கட்டி நிறுத்திச் சுவராக்கலாமா என்று ஒரு விவாதம் வரும். கூடாது என்கிறார் ரப்பி மேயிர், கூடும் என்கிறார் ரப்பி யெஹூதா. செத்துப்போனால் என்ன ஆகும் என்று கேள்வி எழுகிறது. யானை என்றால் கவலையில்லையாம், செத்துக் கிடந்தாலும் 10 கையகலம் இருக்கும்! இரண்டு பேராக உட்கார்ந்து, ஒருவர் படிக்க மற்றவர் மடக்கும் ஹவ்ரூத்தா முறையில் இந்தப் பக்கத்தைப் படித்த பிள்ளைக்குக் கட்டமைப்புவாதத்தை யாரும் தனியாக விளக்க வேண்டியதில்லை.

எல்லாவற்றையும் ப்ராஜெக்டாக்கும் கொள்கை மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. ஹீப்ரூவில் உயிரொலிகள் பெரும்பாலும் எழுத்துக்கு அடியில் வைக்கும் புள்ளிகளும் கோடுகளும்தான். தினமும் வாய்விட்டுப் படித்துப் படித்துத்தான் அது நாக்கில் ஏறும். புதிதாகக் கற்பவரை வழிகாட்டாமல் விட்டால் நினைவுக்குச் சுமை கூடுகிறதே தவிரக் கற்பது கூடுவதில்லை என்று கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் என்ற கல்வி ஆய்வாளர்கள் மூவரும் 2006-இல் எழுதினார்கள். அவர்கள் சொன்ன எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை, இதை ஏற்கிறேன். அதுவும் இரண்டு பாடத்திட்டத்தை ஒரே நாளில் திணிக்கும் பள்ளியில் நேரம் ஏது?

கட்டத்தாளுக்கு வருகிறேன். வெயிலும் நிழலும் சரிபாதியாக இருந்தால் பந்தல் செல்லுமா? தால்மூத்திலேயே ஓரிடத்தைப் படித்தால் செல்லும்போலத் தெரிகிறது, இன்னோரிடத்தைப் படித்தால் செல்லாது. இந்த முரணைத் தீர்க்கத் தால்மூத் அறிஞர்கள் கண்ட வழி வெளிச்சத்தை வைத்து. மேலே சின்ன நாணயம் அளவுக்கு இருக்கும் ஓட்டை, கீழே பெரிய நாணயம் அளவுக்கு வெளிச்சமாக விழும். ஆகவே தரையில் அளந்து சரிபாதி வந்தால் கூரையில் அடைப்புதான் அதிகம், செல்லும். கூரையிலேயே சரிபாதி என்றால் செல்லாது.

உங்கள் பிள்ளைகள் தரையில் மட்டும் அளந்திருக்கிறார்கள். அடுத்த முறை நீங்கள் ஏணியில் ஏறிக் கூரையின் இடைவெளிகளையும் அளந்து சொல்லுங்கள், அவர்கள் கீழே கட்டங்களை எண்ணட்டும். இரண்டு கணக்கும் எவ்வளவு தள்ளி வந்தன என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.