சிங்கப்பூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை (வாசகர் கடிதம்)

அன்புள்ள ஐயா,

திருத்துறைப்பூண்டி பக்கம் கடைமடைக் கிராமம் எங்களுடையது. விவசாயம்தான். தம்பி சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிறான். கோடை விடுமுறைக்கு அப்பா, அம்மா, மனைவி, பிள்ளைகள் இருவர், நான் எல்லோரும் திருச்சியிலிருந்து அங்கே போகிறோம். தங்குவது லிட்டில் இந்தியாவில். தம்பிக்குக் கிடைப்பது ஒரே ஒரு ஞாயிறு. அதற்கு ஒரு லிஸ்ட் போட்டு வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறான். யூனிவர்சல் ஸ்டூடியோ, மெர்லயன் சிலை, சைனாடவுன், மெரினா பே சாண்ட்ஸ் மொட்டைமாடி, கார்டன்ஸ் பை த பே, கடைசியாக முஸ்தபா கடை. காலை ஒன்பதிலிருந்து ராத்திரி பதினொன்று வரை. அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, முழங்கால் வலி வேறு. “எங்கப்பா கப்பல்ல போய் எறங்குன எடத்தக் காட்டுனாப் போதும்” என்கிறார். தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் போனவர். தம்பியோ “அங்க ஒண்ணுமே இல்லண்ணே, எல்லாம் ஆபீஸ் கட்டடம்” என்கிறான். என்ன செய்யலாம்?

க. செ.

அன்புள்ள க. செ.,

முதலில் யூனிவர்சலை அடித்துவிடுங்கள். அதற்கே ஒரு முழு நாள் வேண்டும். பிள்ளைகள் அழுதால் வேறொரு நாள் நீங்கள் கூட்டிப்போங்கள், அதற்குத் தம்பி தேவையில்லை. மொட்டைமாடியும் வேண்டாம். 57 மாடி ஏறி நின்று பார்ப்பதை அப்பா விமான ஜன்னலிலேயே பார்த்திருப்பார்.

தம்பி மேல் கோபப்படாதீர்கள். வாரம் முழுக்கப் பட்டறையில் வெயில் தின்கிறவன், ஞாயிறன்று துணி துவைத்து, தேக்கா சந்தையில் சாமான் வாங்கி, ஊருக்குப் பேசிவிட்டுப் படுப்பான். அந்த லிஸ்டில் பாதி இடங்களை அவனே பார்த்திருப்பானா என்பது சந்தேகம்தான். யூடியூபைப் பார்த்துப் போட்ட லிஸ்ட் மாதிரிதான் இருக்கிறது.

அப்பா கேட்ட இடத்திலிருந்தே நாளைத் தொடங்குங்கள். ஒன்பது மணிக்கு அல்ல, ஏழு மணிக்கு. அங்கே கடிகாரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே ஏழு என்றால் நம்மூர் நாலரை, அப்பா வயலுக்குக் கிளம்பும் நேரம். பிள்ளைகளை எழுப்புவதுதான் பாடு. பத்தரைக்கு மேல் வெயில் தாங்காது, சென்னை வெயிலை விடப் புழுக்கம் அதிகம்.

லிட்டில் இந்தியாவில் டவுன்டவுன் லைன் ரயில் ஏறினால் மாறாமல் தெலோக் ஆயர் போய் இறங்கலாம். வெளியே வந்ததும் தம்பி சொன்ன ஆபீஸ் கட்டடங்கள்தான் தெரியும். ஆனால் தெலோக் ஆயர் தெருவில் கொஞ்ச தூரம் நடந்தால் நாகூர் தர்கா நிற்கும். 1828இல் தொடங்கி 1830இல் கட்டி முடித்தது. நாகூர் மாதிரி வானத்துக்கு எழும்பும் மினாரா கிடையாது, மாடத்தின் நான்கு மூலையிலும் அடுக்கடுக்காகக் குட்டி மினாராக்கள். அடக்கத்தலமும் இங்கே இல்லை, எஜமான் சாகுல் ஹமீது நாகூரில்தான் இருக்கிறார்கள். இது கடல் கடந்து பிழைத்து வந்தவர்கள் நன்றிக்கு எழுப்பிய நினைவிடம். உள்ளே இப்போது இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையம் இருக்கிறது. ஞாயிறன்று திறந்திருக்குமா என்று தம்பியை முன்கூட்டியே பார்த்து வைக்கச் சொல்லுங்கள். பூட்டியிருந்தாலும் பரவாயில்லை, தெருவில் நின்று பார்க்க வேண்டிய கட்டடம் அது.

“கடல் எங்கடா?” என்று அப்பா கேட்பார். கேட்க வேண்டும். இந்தத் தெருவே ஒரு காலத்தில் கடற்கரை. தர்கா வாசலுக்கு எதிரே அலை அடித்துக்கொண்டிருந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தூர்த்து நிலமாக்கிவிட்டார்கள். அதே தெருவில் தமிழ் முஸ்லிம்கள் கீற்றுக் கொட்டகையாகத் தொடங்கிய குச்சுப் பள்ளிவாசல் இருக்கிறது, இன்றைய பெயர் அல்அப்ரார். சீனர்கள் தங்கள் கடல் தெய்வத்துக்குக் கட்டிய தியான் ஹொக் கெங் கோயிலும் அங்கேதான். கரையில் கால் வைத்ததும் அவரவர் சாமிக்குக் கும்பிடு போட்ட இடங்கள் ஒரே வரிசையில் நிற்கின்றன. நாகூர் பெரிய மினாராவைக் கட்டிக் கொடுத்தது தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங் என்று தெரிந்த நம்மவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

உங்கள் தாத்தா காலத்தில் கரை இன்னும் கிழக்கே போய்விட்டது. 1933இல் கட்டிய கிளிஃபோர்ட் பியர்தான் அப்போது முக்கியமான இறங்குதுறைகளில் ஒன்று. நங்கூரம் போட்ட கப்பல்களிலிருந்து படகில் வந்து ஏறுவார்கள். தாத்தா அங்கேதான் இறங்கினார் என்று சத்தியம் செய்ய முடியாது. தஞ்சோங் பகார் துறையாகவும் இருக்கலாம். ஆனால் இன்று போய் நின்று பார்க்கக்கூடியது கிளிஃபோர்ட்தான். வளைவுக் கூரை அப்படியே இருக்கிறது, உள்ளே ஹோட்டல்காரர்கள். அங்கிருந்து கரையோரமாகவே மெர்லயன் வரை நடக்கலாம், பக்கம்தான். பிள்ளைகளின் போட்டோ அதில் முடிந்துவிடும். ஞாயிறு என்பதால் அந்தப் பக்கம் ஆபீஸ் கூட்டமும் இருக்காது.

துறையை 2006இல் மூடினார்கள். முன்னால் கிடக்கும் தண்ணீரும் இப்போது உப்புத் தண்ணீர் இல்லை. வாய்க்கால் தலைப்பில் ஷட்டர் பார்த்தே வளர்ந்த உங்களுக்கு இதுதான் அந்த ஊரிலேயே பெரிய வேடிக்கை. கடல்வாயில் 350 மீட்டர் அகலத்துக்கு அணை போட்டு, ஒன்பது எஃகுக் கதவுகள் வைத்து, உப்பை வெளியே நிறுத்தி உள்ளே மழைத் தண்ணீரைப் பிடித்துவிட்டார்கள். 2008இல் திறந்த மெரினா பரேஜ். பெருமழை பெய்து கடல் வற்றமாக இருந்தால் கதவைத் தாழ்த்தி வெளியே விடுவார்கள். கடல் ஏற்றமாக இருந்தால் கதவைத் திறக்க முடியாது, பம்பு வைத்து இறைப்பார்கள். வடகிழக்குப் பருவமழையில் வயல் தண்ணீர் வடிய வழியில்லாமல், கடல் எதிர்த்துத் தள்ள, ரெகுலேட்டர் பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றவர்களுக்கு அந்தப் பம்பின் அருமை தெரியும்.

பரேஜுக்குச் சாயங்காலம் ஐந்து மணிக்குப் போங்கள். கூரை முழுக்கப் புல்வெளி, பட்டம் விடுகிறார்கள், காசு கிடையாது. ஏழு பேர் ஒரு டாக்சியில் ஏற முடியாது, இரண்டு பிடியுங்கள். பக்கத்திலேயே கார்டன்ஸ் பை த பே. 7.45க்குச் செயற்கை மரங்களில் விளக்குக் காட்சி, அதுவும் இலவசம்.

நடுவில் விட்ட பகலுக்கு வருகிறேன். மெர்லயனிலிருந்து நேராக சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில். 1827இல் தொடங்கியது, நாகை, கடலூர் பக்கத்திலிருந்து போனவர்கள் கும்பிட்டு வளர்த்த ஆத்தா. மதியம் நடை சாத்திவிடுவார்கள், பதினொன்றுக்குள் போய்விடுங்கள். அப்புறம் சைனாடவுனில் ரயில் ஏறினால் லிட்டில் இந்தியா மூன்றாவது ஸ்டேஷன். கோமள விலாஸில் சாப்பாடு, அறையில் மூன்று மணி நேரத் தூக்கம். இதைக் குறைக்காதீர்கள். தம்பியும் தூங்கட்டும். அம்மாவின் காலடியில் பாய் போட்டுத் தூங்க அவனுக்கு எத்தனை ஞாயிறு வாய்த்திருக்கும்?

ஒன்றிரண்டு எச்சரிக்கை. அந்த ஊர் ரயிலுக்குள் ஒரு வாய் தண்ணீர் குடித்தாலும் குற்றம், புளியோதரைப் பொட்டலத்தை அங்கே பிரிக்காதீர்கள். அம்மாவின் வெற்றிலைச் செல்லத்தில் புகையிலை இருந்தால் வீட்டிலேயே எடுத்து வைத்துவிடச் சொல்லுங்கள், மெல்லும் புகையிலை அங்கே தடை. முஸ்தபாவை வேறொரு ராத்திரிக்குத் தள்ளுங்கள், நடு இரவு தாண்டியும் திறந்திருக்கும். சொந்தக்காரர்கள் கேட்ட கோடாலித் தைலத்தைப் பெரிய பெட்டியிலேயே போடுங்கள். கைப்பையில் மொத்தமாக வைத்தால் ஏர்போர்ட்டில் எடுத்து வைத்துக்கொள்வார்கள்.