பதில்: போத்தலில் இருக்கும்போதே நைதரசு ஒட்சைட்டு மாறுவது ஏன்?

யாழ்ப்பாணத்து அராலிப் பாலத்தடியில் எடுத்த கடனீரேரித் தண்ணீரை ஐந்து நாள் கழித்து அளந்தபோது, சில போத்தல்களில் நைதரசு ஒட்சைட்டு (N₂O) வாயு கூடியும் சிலவற்றில் குறைந்தும் இருந்ததாக எழுதியிருந்தீர்கள். கருவியில் பிழையில்லை. போத்தலுக்குள் நுண்ணங்கிகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன, அவ்வளவுதான்.

ஒட்சிசன் குறையக் குறைய நைத்திரேற்றைச் சுவாசிக்கும் பற்றீரியாக்கள் இந்த வாயுவை வெளிவிடும். அதை நைதரசனாக்கும் நொதியம் ஒட்சிசனைத் தாங்காது. ஆகவே கொஞ்ச ஒட்சிசன் மிஞ்சியிருந்தால் வாயு தேங்கும், முழுக்கத் தீர்ந்தால் அதையும் தின்றுவிடும். குளிர்சாதனப் பெட்டி வேகத்தைக் குறைக்குமே தவிர நிறுத்தாது.

60 மில்லிலீற்றர் கண்ணாடிப் போத்தலின் அடிவரை குழாயை விட்டு, இரண்டு மூன்று மடங்கு தண்ணீர் வழியவிடுங்கள். உடனே நுண்ணங்கிகளைக் கொல்ல, நிரம்பிய (இனிமேல் கரையாத அளவு செறிந்த) மேர்க்குரிக் குளோரைட்டு நச்சுக் கரைசலில் 100 மைக்ரோலீற்றர் சேர்த்து, பியூட்டைல் றப்பர் மூடியால் அடைத்து அலுமினிய வளையத்தை இறுக்குங்கள். குமிழி ஒன்றுகூட வேண்டாம். இருட்டில் வையுங்கள். கையுறை கட்டாயம், கழிவைத் தனிக் கலனில் சேருங்கள். எங்கள் சுண்ணாம்புக்கல் நிலத்தில் ஊற்றினால் கிணற்றுக்குத்தான் போகும்.

அளக்கும்போது 10 மில்லிலீற்றர் ஈலியத்தை ஏற்றி, அதே அளவு தண்ணீரை இரண்டாவது ஊசியால் வெளியேற்றி, கரைந்த வாயு ஈலியத்துக்குள் வரும்படி நன்றாகக் குலுக்கி, அந்த ஈலியத்தை அளவுங்கள். கணக்கில் அன்றைய உவர்த்தன்மையையும் வெப்பநிலையையும் போடுங்கள்: கோடையில் கடனீரேரி கடலைவிட உப்பாகிவிடும், வழக்கமான கடல்நீரின் உவர்த்தன்மையான 35 என்று போட்டால் கணக்குப் பிழையாகிவிடும்.

28 பாகையில் காற்றோடு சமநிலையான கடல்நீரில் லீற்றருக்குச் சுமார் 6 நானோமோல் வரவேண்டும். முதலில் அதைச் சரிபாருங்கள்.