முகவரிக் கட்டம் ஏன் காலி?

கேள்வி: எங்கள் மாடி சுவிட்சில் 802.1எக்ஸ் (ஆளைச் சரிபார்த்த பிறகே போர்ட்டைத் திறக்கும் முறை) போட்டிருக்கிறோம். ஐபி முகவரியை மைய சுவிட்ச் டிஎச்சிபி (கணினிகளுக்குத் தானாக முகவரி வழங்கும் முறை) மூலம் கொடுக்கிறது. லாகினைச் சரிபார்த்து, பயன்பாட்டையும் குறித்துவைக்கும் ரேடியஸ் சர்வரின் கணக்குப் பதிவில் யார், எந்தப் போர்ட், எவ்வளவு நேரம் எல்லாம் வருகிறது. ஐபி முகவரிக் கட்டம் மட்டும் காலி. சர்வரில் கோளாறா?

பதில்: சர்வர் பாவம், வந்ததைத்தான் எழுதி வைக்கும். நடக்கிற வரிசையைப் பாருங்கள். கேபிளைச் செருகியதும் முதலில் ஆளைச் சரிபார்ப்பது. சரி என்று பதில் வந்ததும் சுவிட்ச் போர்ட்டைத் திறந்துவிட்டு, கையோடு 'ஸ்டார்ட்' பதிவையும் அனுப்பிவிடுகிறது. கணினி முகவரி கேட்பதே அதற்கப்புறம்தான். இல்லாத முகவரியை எப்படி எழுதும்?

மாடி சுவிட்சில் அந்தப் பயனர்கள் இருக்கும் விலானுக்கு (சுவிட்சுக்குள் பிரித்துவைத்த தனி நெட்வொர்க்) டிஎச்சிபி ஸ்நூப்பிங்கை இயக்குங்கள். போகிற வருகிற டிஎச்சிபி பாக்கெட்டுகளை ஒட்டுக்கேட்டு, எந்த மேக் முகவரிக்கு (கணினியின் வன்பொருள் முகவரி) எந்த ஐபி என்று சுவிட்சே அட்டவணை போட்டுக்கொள்ளும். சில மாடல்களில் டிவைஸ் டிராக்கிங்கையும் (இணைந்திருக்கும் கருவிகளின் முகவரிகளைக் கண்காணிப்பது) தனியாக இயக்க வேண்டும். பிறகு கணக்கியலில் 'இன்டெரிம் அப்டேட்' போடுங்கள். இடையிடையே போகும் அந்தப் பதிவில் ஐபி ஏறிவிடும். இடைவெளி 10 நிமிடத்துக்குக் குறைய வேண்டாம். ஸ்டார்ட் பதிவு அப்போதும் காலியாகவே இருக்கலாம். ஒரு இணைப்பின் எல்லாப் பதிவுகளிலும் வரும் செஷன் ஐடியை வைத்து இரண்டையும் சேர்த்துப் படியுங்கள்.

ஒன்று, நானே பட்டது. ஸ்நூப்பிங்கைப் போட்டவன், மைய சுவிட்சுக்குப் போகும் அப்லிங்க் போர்ட்டை 'டிரஸ்ட்' (நம்பலாம்) என்று குறிக்க மறந்துவிட்டேன். அதன் வழியாக வந்த டிஎச்சிபி பதில்களையெல்லாம் சுவிட்ச் தூக்கி எறிந்தது. அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. ஏற்கெனவே முகவரி வாங்கியவை பாட்டுக்கு ஓடின. மறுநாள் காலையில் பார்த்தால், கணினிகள் 169.254 என்று தாங்களே ஒரு முகவரி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. முதலில் டிரஸ்ட், அப்புறம்தான் ஸ்நூப்பிங். அப்படியும் முகவரி வரவில்லையென்றால், டிஎச்சிபி கோரிக்கையில் மாடி சுவிட்ச் செருகும் ஆப்ஷன் 82-ஐ (எந்தப் போர்ட்டிலிருந்து வந்தது என்ற குறிப்பு) மைய சுவிட்ச் ஏற்காமல் இருக்கலாம். அதை நிறுத்திப் பாருங்கள்.

கேள்வி: ஒருவர் ஒரே செஷனில் 9 ஜிபி இறக்கியிருக்கிறார். எங்கள் ரிப்போர்ட்டில் 1 ஜிபிதான் காட்டுகிறது. மீதி எங்கே?

பதில்: மீட்டர் சுற்றிவிட்டது. ஆக்டெட் (பைட்) கணக்கு 32 பிட் எண். 4,294,967,296 வந்தால் மறுபடி 0. எத்தனை சுற்று என்பது 'கிகாவேர்ட்ஸ்' என்ற தனிக் கட்டத்தில் வரும். உங்கள் பதிவைத் திறந்தால் அதில் 2 இருக்கும்: இரண்டு நான்கு எட்டு, மிச்சம் ஒன்று. ரிப்போர்ட் எழுதியவர் அந்தக் கட்டத்தைத் தொடவே இல்லை. கூடவே இதையும் கவனியுங்கள்: 'அவுட்புட்' என்பது சுவிட்சின் பார்வையில். பயனர் இறக்கியது அவுட்புட், ஏற்றியது இன்புட். நானும் கொஞ்ச காலம் தலைகீழாகத்தான் படித்தேன்.

கேள்வி: லாகின் ஆகிறது. கணக்குப் பதிவு ஒரு வரிகூட வரவில்லை.

பதில்: சுவிட்சில் ரேடியஸ் சர்வருக்குக் கொடுத்திருக்கும் போர்ட் எண்ணைப் பாருங்கள் (கேபிள் செருகும் போர்ட் அல்ல); லாகினுக்கு ஒன்று, கணக்குப் பதிவுக்கு ஒன்று. பழைய எண்கள் 1645, 1646. வேறு சேவைகளோடு மோதியதால் 1812, 1813 ஆயின. யாரோ முதல் எண்ணை மட்டும் மாற்றிவிட்டு எழுந்து போயிருக்கிறார். சர்வர் 1813-இல் காத்திருக்கிறது, சுவிட்ச் இன்னும் 1646-ஐத் தட்டிக்கொண்டிருக்கிறது.