கிரீட் தீவு: ஒரே ஊரில் தங்கினால் போதுமா?

கேள்வி: செப்டம்பர் கடைசியில் அம்மா அப்பாவுடன் கிரீஸ் நாட்டின் கிரீட் தீவுக்கு ஒரு வாரம் போகிறோம். இருவருக்கும் எழுபதை நெருங்கும் வயது. அப்பா சுத்த சைவம். பெட்டிகளோடு அலையாமல் ஹெராக்லியோனிலேயே தங்கி, தினமும் ஓரிடம் போய்வரலாமா? எலாஃபொனீசி கடற்கரை, சமாரியா பள்ளத்தாக்கு இரண்டையும் பார்க்க ஆசை. - ஒரு வாசகி

பதில்: நல்ல மாதம். ஆகஸ்ட் வெயிலும் நெரிசலும் தணிந்திருக்கும், கடலும் வெதுவெதுப்பாகவே இருக்கும். ஆனால் ஒரே ஊரில் தங்காதீர்கள். கிரீட் கிழக்கு மேற்காக ஏறக்குறைய 260 கிலோமீட்டர் நீளம். எலாஃபொனீசி இருப்பது தென்மேற்குக் கோடியில். ஹெராக்லியோனிலிருந்து ஹானியா நகருக்கே சுமார் 140 கிலோமீட்டர், அதற்கப்புறம் மலைப்பாதை. ஒரே நாளில் போய்த் திரும்பினால் பெரியவர்கள் களைத்துவிடுவார்கள்.

முதல் இரண்டு இரவு ஹெராக்லியோன் போதும். பழங்கால க்னோசோஸ் அரண்மனைக்குக் காலையில் திறந்ததுமே போய்விடுங்கள், அங்கே நிழல் குறைவு. 1900இல் அகழாய்வைத் தொடங்கிய ஆர்தர் எவன்ஸ் சில பகுதிகளைக் கான்கிரீட்டில் மறுபடி எழுப்பினார். சுவரோவியங்களின் அசல், ஊருக்குள் உள்ள தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதைத் தவறவிடாதீர்கள்.

மீதி நாட்களுக்கு மேற்கே உள்ள ஹானியா. எலாஃபொனீசிக்கு அங்கிருந்து போய்வாருங்கள். பழைய நகரின் பல சந்துகளில் கார் நுழையாது. பெட்டியை எவ்வளவு தூரம் இழுத்து வரவேண்டும் என்று முன்பதிவுக்கு முன்பே விடுதியில் கேளுங்கள்.

சமாரியாவை இந்த முறை விட்டுவிடுங்கள். சுமார் 16 கிலோமீட்டர், கல்லும் சரளையுமான இறக்கம். முழங்கால்கள் தாங்காது. முடியும் இடமான அயியா ரூமேலிக்குச் சாலை கிடையாது, படகில்தான் திரும்ப வேண்டும். பதிலாக மலை தாண்டி ஹோரா ஸ்ஃபாகியோன் போய், அங்கிருந்து படகில் லூத்ரோ போங்கள். சாலையே இல்லாத குட்டிக் கடலோரக் கிராமம், அம்மா அப்பா நிம்மதியாக உட்கார்ந்திருக்கலாம். வழியில் கொண்டை ஊசி வளைவுகள் உண்டு, காலை உணவு லேசாக இருக்கட்டும்.

கிரீஸ் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடும் கட்டாயம்.

அப்பாவின் சாப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். மஞ்சள் பருப்பு மசியலான ஃபாவா, தக்காளிச் சாற்றில் வெந்த பெரிய பீன்ஸ், ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சையும் விட்ட கீரை, காய்ந்த பார்லி ரொட்டிமேல் தக்காளியும் சீஸும் வைத்த டாக்கோஸ் எல்லாம் அந்த ஊர்ச் சாப்பாடுதான். 'நிஸ்தீசிமோ' என்று கேட்டால் விரத உணவு தருவார்கள், இறைச்சி, பால், முட்டை இருக்காது. ஆனால் அவர்கள் விரதத்தில் இறாலும் ஆக்டோபஸும் சேரும். அது வேண்டாம் என்று தனியாகச் சொல்லிவிடுங்கள்.